ஆறு ஒயர்கள்: போர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு

ஆர்டுயினோ யூனோ வாங்கி, யுஎஸ்பி ஒயரைச் செருகி, எல்இடி கண் சிமிட்டுவதைப் பார்த்துவிட்டீர்கள். அடுத்து, விலையும் குறைய வேண்டும், இடமும் அடைக்கக் கூடாது என்று புரோ மினி வாங்குகிறீர்கள். 18 மில்லிமீட்டர் அகலம், 33 மில்லிமீட்டர் நீளம். திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் யுஎஸ்பி சாக்கெட் இல்லை. ஒரு முனையில் ஆறு ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. யூனோவில் ஏடிமெகா328பி சிப்புக்குப் பக்கத்திலேயே ஏடிமெகா16யூ2 என்று இன்னொரு சிப் இருந்தது. யுஎஸ்பியில் வருவதைச் சீரியலாக மாற்றித் தரும் வேலை அதனுடையது. புரோ மினியில் அந்தச் சிப்பை விட்டுவிட்டார்கள். ஆகவே வெளியே ஒரு யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு கேபிளும் வேண்டும்.

கேபிள் கடையில் கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனாலும் முதல் கேபிளை நீங்களே கட்டுங்கள் என்றுதான் என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்கிறேன். “போர்டு செத்துப்போச்சு சார்” என்று கொண்டுவருகிற போர்டுகளில் பலவும் நல்ல உயிரோடுதான் இருக்கின்றன. கோளாறு கேபிளில் இருக்கும், அல்லது கேபிளில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாததில் இருக்கும். ஒவ்வொரு ஒயருக்கும் என்ன வேலை, அதில் எத்தனை வோல்ட் வரும், எந்தத் திசையில் வரும் என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறவர் போர்டை எரிப்பது அரிது. அதைக் கையில் பிடிக்க வைக்கத்தான் இந்த அறிவுரைகள்.

1. முதலில் வோல்ட்டேஜைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புரோ மினியிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும், மற்றது 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். போர்டின் பின்பக்கம் எழுதியிராவிட்டால், ரா என்ற பின்னில் ஒரு 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்து, சிப்புக்குச் சப்ளை போகும் விசிசி பின்னில் மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

3.3 வோல்ட் புரோ மினிக்குத் தவறி 5 வோல்ட் போனாலும் ஏடிமெகா சிப் தாங்கிக்கொள்ளும், அதன் உச்ச வரம்பு 6 வோல்ட். ஆனால் அதே சப்ளையில் நீங்கள் மாட்டியிருக்கும் சென்சாரோ எஸ்டி கார்டோ தாங்காது. ஈஎஸ்பி8266 போன்ற வைஃபை சிப்புகளுக்கு 3.6 வோல்ட்தான் எல்லை.

அடாப்டர்களில் 5, 3.3 என்று மாற்றிக்கொள்ள ஒரு ஜம்பர் இருக்கும். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில மலிவு அடாப்டர்களில் அந்த ஜம்பர் விசிசி பின்னை மட்டும்தான் மாற்றும். டேட்டா வெளியே போகும் டிஎக்ஸ் பின்னில் வோல்ட்டேஜ் அப்படியே இருக்கும். சிபி2102 சிப் வைத்த அடாப்டரில் பவர் பின் 5 வோல்ட் தந்தாலும் டிஎக்ஸ் 3.3 வோல்ட்தான். இதை அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது சீரியல் லைன் உயர்நிலையில் நிற்கும். ஆகவே அடாப்டரைக் கம்ப்யூட்டரில் செருகி, போர்டை மாட்டாமல், டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் அதன் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

அங்கே 5 வோல்ட் காட்டி, உங்கள் போர்டு 3.3 வோல்ட்டாக இருந்தால், கேபிளுக்குள்ளேயே இரண்டு ரெசிஸ்டர் வையுங்கள். டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் 3.33 வோல்ட் கிடைக்கும். அதைப் போர்டில் டேட்டா உள்ளே வரும் ஆர்எக்ஸ் பின்னுக்குக் கொடுங்கள். எதிர்த்திசையில் எதுவும் தேவைப்படாது. போர்டு அனுப்பும் 3.3 வோல்ட்டை இந்த அடாப்டர்கள் உயர்நிலையாகவே எடுத்துக்கொள்ளும்.

2. பழைய டெஸ்க்டாப்பின் 9 பின் போர்ட்டை நேரடியாக மாட்டாதீர்கள்.

அதுவும் சீரியல்தானே என்று தோன்றும். கல்லூரி லேபில் 8051 ட்ரெய்னர் கிட்டை அந்தப் போர்ட்டில்தான் இணைத்திருப்பீர்கள். ஆனால் ஆர்எஸ்-232 முறையில் ‘1’ என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை. ‘0’ என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. அளவும் அதிகம், நிலையும் தலைகீழ். அந்த ட்ரெய்னர் கிட்டுக்குள் மேக்ஸ்232 என்ற சிப் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தது. 5 வோல்ட் சப்ளையிலிருந்தே, சுற்றிலும் உள்ள நான்கு சின்னக் கேபாசிட்டர்களின் துணையோடு, பிளஸ், மைனஸ் இரண்டு வோல்ட்டேஜையும் அது தானே உண்டாக்கிக்கொள்ளும். 3.3 வோல்ட் போர்டுக்கு மேக்ஸ்3232 வாங்குங்கள். கம்ப்யூட்டர் பக்கத்து 9 பின்னில் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட்.

3. கிரவுண்ட் ஒயர் முதலில் சேர வேண்டும், கடைசியில் பிரிய வேண்டும்.

வோல்ட்டேஜ் என்பதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் இல்லாவிட்டால் அடாப்டர் அனுப்பும் 5 வோல்ட்டுக்குப் போர்டின் கணக்கில் எந்த அர்த்தமும் இல்லை. போர்டுக்குத் தனி பேட்டரி கொடுத்திருக்கிறேன், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மட்டும் போதும் என்று இரண்டு ஒயரோடு வருகிற பிள்ளைகள் உண்டு. போதாது.

4. டிஎக்ஸ் ஆர்எக்ஸுக்குப் போகட்டும். ஆனால் பெயர் யாருடைய பார்வையில் எழுதப்பட்டது என்று கேளுங்கள்.

ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்கு நேராக இருந்தால்தான் பேச்சு நடக்கும். அடாப்டரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு, அடாப்டரின் ஆர்எக்ஸ் போர்டின் டிஎக்ஸுக்கு. புரோ மினியில் சந்தேகம் வராமல் இருக்க டிஎக்ஸ்ஓ, ஆர்எக்ஸ்ஐ என்று எழுதியிருப்பார்கள். ஓ என்றால் வெளியே போவது, ஐ என்றால் உள்ளே வருவது.

குழப்பம் வருகிற இடம் வேறு. அடாப்டர் இல்லாதபோது பழைய யூனோவையே அடாப்டராகப் பயன்படுத்தலாம். அதன் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் யூனோவின் முதன்மைச் சிப் உறங்கிவிடும்; யுஎஸ்பி பக்கத்துச் சிப் மட்டும் வேலை செய்யும். அப்போது யூனோவின் டிஎக்ஸ் புரோ மினியின் டிஎக்ஸுக்கே போக வேண்டும், ஆர்எக்ஸ் ஆர்எக்ஸுக்கே. ஏனென்றால் யூனோவில் அந்தப் பெயர்கள் உறங்குகிற சிப்பின் பார்வையில் எழுதப்பட்டவை. ‘குறுக்காகப் போடு’ என்று விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே மணிக்கணக்கில் தவிப்பார். எந்தப் பின்னிலிருந்து சிக்னல் கிளம்புகிறது என்று கேட்டவருக்கு ஒரு நொடியில் தெளிந்துவிடும்.

நல்ல வேளையாக, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மாறிப்போவதால் பொதுவாக எதுவும் எரியாது. விசிசியும் கிரவுண்டும் மாறினால் எரியும். பயத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதும் ஒரு படிப்பு.

5. கேபிள் கட்டும்போது அவசரம் வேண்டாம்.

வாங்க வேண்டியவை: பல நிற ரிப்பன் கேபிள் ஒரு அடி, ஆறு பின் பெண் கனெக்டர் இரண்டு, அதற்குள் போகும் சின்ன உலோகத் துண்டுகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களும் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் ஜம்பர் ஒயர் கேட்டால் கிடைக்கும். இரு முனையும் பெண்ணாக உள்ள ரெடிமேட் ஜம்பர் ஒயர்களை வாங்கி, அவற்றின் ஒற்றைப் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிவிட்டு, ஆறு பின் கூட்டுக்குள் மாற்றிச் செருகினால் கிரிம்ப் செய்கிற வேலை மிச்சம். கூட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதைக் குண்டூசியால் லேசாகத் தூக்கினால் உலோகத் துண்டு ஒயரோடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இழுத்துப் பிய்க்காதீர்கள். நாக்கு மடிந்துவிட்டால் கூடு பிடிக்காது. பிடிக்காத கூடு பின்னாளில் விட்டுவிட்டு வேலை செய்யும் கேபிளாக மாறும். சுத்தமாகச் செத்த கேபிளை உடனே கண்டுபிடித்துவிடலாம். விட்டுவிட்டு வேலை செய்வது இரண்டு நாள் தின்னும்.

நிறத்தில் ஒழுக்கம் வேண்டும். கடையில் விற்கும் எஃப்டிடிஐ கம்பெனியின் கேபிளில் கறுப்பு கிரவுண்ட், பழுப்பு சிடிஎஸ், சிவப்பு விசிசி, ஆரஞ்சு அனுப்புவது, மஞ்சள் வாங்குவது, பச்சை ரீசெட் தூண்டும் ஒயர். நீங்களும் அதையே வையுங்கள். புரோ மினியின் மூல வடிவத்தில் இந்த வரிசையின் இரு ஓரங்களிலும் கறுப்பு, பச்சை என்பதற்கு மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சிட்டிருப்பார்கள். அதன் வரிசை பச்சை ஓரத்திலிருந்து இப்படிப் போகும்: ரீசெட் தூண்டும் டிடிஆர், டிஎக்ஸ்ஓ, ஆர்எக்ஸ்ஐ, விசிசி, கிரவுண்ட், மறுபடி கிரவுண்ட். நகல் போர்டுகளில் இந்த வரிசை தலைகீழாகவும் வருகிறது. அடாப்டரின் பின் வரிசையோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த இரண்டு வரிசைகளையும் பொருத்துவதுதான் உங்கள் கேபிளின் வேலை. எனவே இரண்டையும் முதலில் தாளில் வரைந்து, கோடு போட்டு இணைத்துவிட்டு, பிறகு ஒயரை எடுங்கள்.

சால்டர் செய்வதாக இருந்தால் ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். ஒயர் நுனியில் 3 மில்லிமீட்டர் மட்டும் தோலை உரியுங்கள். இழைகளை முறுக்கி, நுனிக்கு மட்டும் மெல்ல ஈயம் பூசுங்கள். பின்னுக்கும் தனியாக ஈயம் பூசுங்கள். பிறகு இரண்டையும் ஒட்டவைத்து அயர்னைத் தொட்டால் ஒரு நொடியில் உருகிச் சேரும். ஈயம் ஆறும்வரை ஒயரை அசைக்காதீர்கள். ஆறியதும் பளபளவென்று, இழைகளின் வடிவம் மேலே தெரிகிற மாதிரி படிந்திருந்தால் நல்ல இணைப்பு. உருண்டையாகத் திரண்டு, மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் மறுபடி சூடேற்றுங்கள். 60/40 ஈயத்தில் உண்மையிலேயே காரீயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் முறுக்கு டப்பாவைத் திறக்க வேண்டும்.

நீளம் ஒரு அடிக்குள் இருக்கட்டும். இது ஆர்எஸ்-232 போல அறையைக் கடந்து போகிற சிக்னல் இல்லை. கம்ப்யூட்டர் தூரத்தில் இருந்தால் யுஎஸ்பி பக்கத்து ஒயரை நீளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்ததும் கூட்டின் ஒரு ஓரத்தில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள். போர்டில் கறுப்பு ஓரத்துக்கு நேராகவும் ஒரு பொட்டு. ஆறு பின் கனெக்டரைத் திருப்பிச் செருகுவதை வேறு எதுவும் தடுக்காது.

6. டிடிஆர் ஒயரை வேண்டாத ஒயர் என்று வெட்டிவிடாதீர்கள்.

நான்கு ஒயரே போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டேட்டாவுக்குப் போதும், புரோகிராம் ஏற்றுவதற்குப் போதாது. சிப் ரீசெட் ஆன உடனே பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம் எழுந்து, புதிய புரோகிராம் ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் மட்டும் காத்திருக்கும். யாரும் கூப்பிடாவிட்டால் பழைய புரோகிராமை ஓட்டப் போய்விடும். அந்த நேரத்தில் சரியாக ரீசெட்டைத் தட்டுவதுதான் டிடிஆரின் வேலை.

டிடிஆருக்கும் ரீசெட்டுக்கும் நடுவே 100 நானோஃபேரட் கேபாசிட்டர் ஒன்று இருக்கும். மேலே 104 என்று எழுதிய சின்ன மஞ்சள் நிறப் பொட்டு. கம்ப்யூட்டர் காம் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிடும். நேராக இணைத்தால் சிப்பும் ரீசெட்டிலேயே கிடக்கும். கேபாசிட்டர், இறங்குகிற அந்தக் கணத்தை மட்டும் கடத்தும். பிறகு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரீசெட்டை மேலே தூக்கிவிடும். புரோ மினியில் இரண்டும் போர்டிலேயே இருக்கின்றன. பிரெட்போர்டில் வெறும் ஏடிமெகா328பி வைத்துக் கட்டினால் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

அடாப்டரில் டிடிஆர் பின்னே இல்லையா? கம்ப்யூட்டர் திரையில் ‘அப்லோடிங்’ என்று வருகிற அதே கணத்தில் ரீசெட் பட்டனை அழுத்தி விடுங்கள். சில முறை தவறும். பிறகு கைக்குப் பழகிவிடும்.

7. கேபிளைப் போர்டில் மாட்டும் முன் மீட்டரில் மாட்டுங்கள்.

மல்டிமீட்டரைப் பீப் ஒலி வைக்கும் நிலைக்குத் திருப்புங்கள். ஆறு ஒயரும் போக வேண்டிய இடத்துக்குப் போகின்றனவா என்று ஆறு முறை தொட்டுப் பாருங்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். போகக்கூடாத இடத்துக்குப் போகவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு ஒயரில் பதினைந்து ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் வையுங்கள். பீப் வரக்கூடாது. இரண்டு கிரவுண்டையும் சேர்த்திருந்தால் அந்த ஒரு ஜோடி மட்டும் ஒலிக்கும். வோல்ட்டேஜைக் குறைக்க ரெசிஸ்டர் வைத்திருந்தால் அங்கே மீட்டர் ஓம் காட்டும், பீப் செய்யாது. தொட்டுக்கொண்டிருக்கும்போதே கேபிளை மடக்கி, முறுக்கி, கனெக்டரின் கழுத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் அந்த முனையைப் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள்.

8. பிறகு கேபிளைத் தன்னோடு தானே பேச வையுங்கள்.

அடாப்டரைக் கம்ப்யூட்டரில் செருகி, கேபிளின் போர்டு முனையில் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். வேறு எதுவும் மாட்ட வேண்டாம். புட்டி போன்ற டெர்மினல் புரோகிராமில் அந்தக் காம் போர்ட்டைத் திறந்து ‘அ’ வேண்டாம், ஒரு ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். ஒயர்த் துண்டை எடுத்ததும் வருவது நிற்க வேண்டும். எடுத்த பிறகும் எழுத்து வந்தால் அது டெர்மினலே காட்டும் எதிரொலி. அமைப்பில் போய் அதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இந்தச் சோதனை தேறினால் கம்ப்யூட்டர், டிரைவர், அடாப்டர், கேபிளின் இரண்டு டேட்டா ஒயர்கள் எல்லாமே ஒரே வீச்சில் தேறிவிட்டன. இனி வருகிற கோளாறைப் போர்டில்தான் தேட வேண்டும். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு தெளிவு தருகிற சோதனை இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

9. காம் போர்ட்டே வரவில்லையென்றால் யுஎஸ்பி ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

யுஎஸ்பி ஒயருக்குள் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. சார்ஜ் செய்ய மட்டும் என்று வருகிற ஒயர்களில் பச்சையும் வெள்ளையும் இருக்காது. அடாப்டரின் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுவுமே தெரியாது. ஒயர் சரியாக இருந்தால் அடுத்தது டிரைவர். அடாப்டரின் மேல் உள்ள சிப்பில் சிஎச்340 என்று இருக்கிறதா, சிபி2102 என்றா, எஃப்டி232ஆர் என்றா என்று பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேறு. லினக்ஸில் போர்ட் தெரிந்தும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், உபுண்டு, டெபியனில் உங்கள் பெயரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

10. சுவர் மின்சாரத்தோடு இருக்கும் எதிலும் இந்தக் கேபிளைச் செருகாதீர்கள்.

இதைப் படிக்கும்போது மற்ற எல்லாவற்றையும் ஓரம் வையுங்கள். மோட்டாரை ஃபோனிலிருந்து ஓட்ட வேண்டும், ஸ்மார்ட் ப்ளக்கைத் திறந்து சொந்த புரோகிராம் ஏற்ற வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வரும். வரத்தான் வேண்டும். அந்தச் சாதனங்களுக்குள் ஈஎஸ்பி8266 போன்ற சிப்பும், நான்கு சீரியல் ஓட்டைகளும் உங்களுக்காகவே காத்திருப்பதுபோல் இருக்கும்.

ஆனால் இப்படிப்பட்ட மலிவான சாதனங்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்ட சப்ளை கிடையாது. 230 வோல்ட்டிலிருந்து நேரடியாகவே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்வார்கள். மூடிய பெட்டிக்குள் யாரும் தொடாதவரை அது சரி. அங்கே ‘கிரவுண்ட்’ என்று எழுதிய பின்னில், ப்ளக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஃபேஸ் நேராகவே வந்து நிற்கலாம். நீங்கள் கட்டிய கறுப்பு ஒயரை அதில் செருகினால், லேப்டாப்பின் உலோக உடல்வரை ஃபேஸ் வந்துவிடும். லேப்டாப் போவது சிறிய நஷ்டம். அதைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் கை.

முறை இதுதான். சாதனத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ப்ளக்கை மேசை மேல் வையுங்கள். கொஞ்ச நேரம் விடுங்கள், உள்ளே இருக்கும் கேபாசிட்டர்கள் இறங்கட்டும். 3.3 வோல்ட்டை வெளியிலிருந்து கொடுத்து புரோகிராம் ஏற்றுங்கள். கேபிளை முழுதாகக் கழற்றுங்கள். பெட்டியை மூடி ஸ்க்ரூவை முடுக்குங்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் செருக வேண்டும். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினாலும் தவறு. சுவரில் இருக்கும்போதே உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் வைஃபை வழியாகப் பாருங்கள். ஒயர்தான் வேண்டுமென்றால் ஆப்டோகப்ளர் வைத்துப் பிரித்த கேபிளை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கட்டப் பழகுங்கள். தனியாக, ராத்திரியில், ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டு அல்ல.

11. சப்ளை ஒரே இடத்திலிருந்து வரட்டும்.

போர்டுக்குத் தனி சப்ளை இருந்தால் கேபிளின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு சப்ளைகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. இங்கே ஒரு விசித்திரத்தையும் பார்ப்பீர்கள்: போர்டின் சப்ளையை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரியும். அடாப்டரின் டிஎக்ஸ் உயர்நிலையில் நிற்பதால், சிப்பின் ஆர்எக்ஸ் பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக மின்சாரம் உள்ளே கசிகிறது. சிப்புக்கு அது நல்லதல்ல. டிஎக்ஸ் ஒயரில் தொடராக ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் கசிவு அடங்கும்.

ஈஎஸ்பி8266-க்கு அடாப்டரின் 3.3 வோல்ட் பின்னை நம்பாதீர்கள். எஃப்டி232ஆர் சிப் அந்தப் பின்னில் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். வைஃபை கிளம்பும்போது ஈஎஸ்பி அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதற்கு 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் எஸ்பிரெஸிஃப் சொல்கிறது. தொடங்கித் தொடங்கி நின்றுவிடும் ஈஎஸ்பிக்குப் பெரும்பாலும் பசிதான் காரணம்.

12. திரையில் வரும் குப்பையையும் படியுங்கள்.

ஒன்றுமே வராதது ஒரு கோளாறு; புரியாத எழுத்துகள் வருவது முற்றிலும் வேறு கோளாறு. புரியாத எழுத்து வந்தால் மகிழுங்கள்: ஒயர்கள் சரி, வேகம்தான் தவறு. 9600 வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோ நொடி நிற்கும். கேட்கிறவர் வேறு அளவில் வெட்டிப் படித்தால் குப்பைதான் கிடைக்கும்.

புரோ மினியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்களிடம் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸ் போர்டு. மெனுவில் தவறி 8 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். புரோகிராம் ஏறிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் நொடிக்கு ஒருமுறை மாற வேண்டிய எல்இடி இரண்டு மடங்கு வேகத்தில் சிமிட்டும். 9600 என்று எழுதிய சீரியல் 19200-ல் பேசும். ஈஎஸ்பி8266-இல் இன்னொரு அழகான கணக்கு இருக்கிறது. அதற்குள் பதிந்திருக்கும் தொடக்க புரோகிராம் 40 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் இருப்பதாக எண்ணி 115200-க்குக் கணக்கிடுகிறது. போர்டில் பொதுவாக இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880. அந்த விநோதமான வேகத்தில் டெர்மினலைத் திறந்தால், குப்பையாக வந்த முதல் வரிகள் படிக்கிற மாதிரி வரும்.

‘நாட் இன் சிங்க்’ என்று பத்து முயற்சியும் தோற்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: ரீசெட் தட்டப்படுகிறதா (போர்டின் எல்இடி ஒருமுறை மின்ன வேண்டும்), டிஎக்ஸ், ஆர்எக்ஸ் சரியா, மெனுவில் போர்டின் பெயர் சரியா. ஆர்டுயினோ நேனோவில் பழைய பூட்லோடர் 57600 வேகம், புதியது 115200. மெனுவில் இரண்டுக்கும் தனித்தனி வரி இருக்கிறது.

13. வீட்டுப் பரணில் பழைய நோக்கியா டேட்டா கேபிள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

சிஏ-42 வகைக் கேபிளின் யுஎஸ்பி முனையில் அந்தப் பருத்த பிளாஸ்டிக்குக்குள் ஒரு யுஎஸ்பி-சீரியல் சிப் இருக்கும். ஃபோன் பக்கத்து முனையை வெட்டிவிட்டால் 3.3 வோல்ட் அடாப்டர் தயார். ஒரு காலத்தில் உலகெங்கும் கற்றுக்கொண்டவர்கள் இப்படித்தான் செய்தார்கள். நகல் கேபிள்களில் ஒயர் நிறங்களுக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது, அதனால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யுஎஸ்பி உறையோடு பீப் செய்வது கிரவுண்ட். கம்ப்யூட்டரில் செருகியதும் 3.3 வோல்ட் அளவில் நிற்கிறவற்றுள் ஒன்று டிஎக்ஸ். ஆர்எக்ஸைக் கண்டுபிடிக்க, மீதி ஒயர்களை ஒவ்வொன்றாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிஎக்ஸோடு சேர்த்து, எழுத்து திரும்பி வருகிறதா என்று பாருங்கள். எட்டாவது அறிவுரை அப்படியே இங்கே உதவும்.

14. கடையில் வாங்கிய வெறும் சிப் இந்தக் கேபிளுக்குப் பதில் சொல்லாது.

தனியாக வாங்கும் ஏடிமெகா328பி-யில் பொதுவாகப் பூட்லோடர் இருக்காது. பூட்லோடர் இல்லாத சிப்புக்கு சீரியல் வழியாகப் புரோகிராம் வாங்கத் தெரியாது. கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு ஐஎஸ்பி என்ற வேறு வழி வேண்டும். அதிலும் ஆறு ஒயர்கள்தான்: மிசோ, மோசி, எஸ்சிகே, ரீசெட், விசிசி, கிரவுண்ட். யூஎஸ்பிஆஸ்ப் என்ற சின்னப் புரோகிராமர் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் இல்லாவிட்டால், உங்கள் யூனோவில் ‘ஆர்டுயினோ ஐஎஸ்பி’ என்ற எடுத்துக்காட்டு புரோகிராமை முதலில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு, யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபேரட் கேபாசிட்டர் வையுங்கள், மைனஸ் கால் கிரவுண்டுக்கு. ஏற்றும் முன்பே வைத்துவிட்டால் யூனோவே ரீசெட் ஆகாமல் புரோகிராமை மறுத்துவிடும். யூனோவின் 13 எஸ்சிகேக்கு, 12 மிசோவுக்கு, 11 மோசிக்கு, 10 புதிய சிப்பின் ரீசெட்டுக்கு. இங்கே குறுக்காகப் போடும் வேலை இல்லை. பெயருக்குப் பெயர் நேராகவே போகும். ‘பர்ன் பூட்லோடர்’ முடிந்ததும் ஐஎஸ்பி ஒயர்களைக் கழற்றிவிட்டு, நீங்கள் கட்டிய ஆறு ஒயர் கேபிளை மாட்டுங்கள். அந்தச் சிப்புக்கு அடுத்த புரோகிராமிலிருந்து அதுவே போதும்.